அம்மிணியின் வயிறு

அத்தியாயம் 17

போன வாரம் விஜயத்தைக் கொல்லைக் கிணற்றடியில், கையில் பால் கிண்ணத்தோடு நிறுத்திவிட்டுப் போய்விட்டோம். ஏழு நாளாக அவள் அங்கேயே நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் பாலும் அப்படியே இருக்கிறது. அதுதான் விஷயம். அம்மிணி பாலைத் தொடவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. இது மலையாளச் சீமையில், கரமனை ஆற்றங்கரை அக்ரஹாரத்தில் ஸ்ரீகண்டன் வீடு. அவர் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தையும் மூன்று தரம் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். செல்போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு, முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி எதிரே பிடித்துக்கொண்டுதான் பேசுவார். தெருவுக்கே அவர் குடும்ப விவகாரம் அத்துப்படி.

விஜயம் அவர் மனைவி. பிள்ளை ஸ்ரீநிவாஸ் கூடவே இருக்கிறான். பெண் மைதிலி கல்யாணமாகிப் புனேயில் இருக்கிறாள். மருமகள் ராஜஸ்ரீ இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது, குழந்தை இல்லை. ராஜஸ்ரீயைப் பரிசோதித்த டாக்டர் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, அடுத்தபடியாகப் புருஷனை வரச்சொன்னார். வருஷம் ஒன்றரை ஆகிறது. ஸ்ரீநிவாஸுக்கு அதற்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை.

அம்மிணி, ஒரு மழை நாளில் ராஜஸ்ரீ புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துவந்த நாய். கொல்லையோடு சரி, வீட்டுக்குள் அனுமதி கிடையாது. இரண்டு வருஷத்தில் மூன்று ஈற்று. கடைசி ஈற்றுக் குட்டிகளை வாங்கிக்கொள்ள ஒருவரும் இல்லை. ஸ்ரீகண்டன் அவற்றை அட்டைப்பெட்டியில் போட்டு, ஆட்டோவில் வித்துராவுக்கு அனுப்பி, சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வரச்சொன்னார். அம்மிணி பால் கட்டிக்கொண்டு பத்து நாள் முனகியது. அது பொறுக்காமல்தான் ராஜஸ்ரீ, இனிமேல் குட்டி போடாமல் இருக்க நாய்க்கு ஆபரேஷன் செய்வதற்கு ஒரு டாக்டரிடம் நாள் குறித்தாள்.

குறித்த அதே வாரத்தில் ஜோத்ஸ்யர் வந்தார். சோழிகளைப் பரப்பி, கண்ணை மூடி, "இந்த வீட்டிலே ஒரு கர்ப்பத்துக்குத் தடை. தடுத்தது வெளியாள் இல்லை, இந்த வீட்டுப் பெண்ணோட கையாக்கும்" என்றார்.

எல்லாருடைய தலையும் ராஜஸ்ரீ பக்கம் திரும்பியது. ஸ்ரீகண்டன் தலை முதலில்.

அன்றே ஆபரேஷன் ரத்தானது. அன்றே கொல்லையிலிருந்து ஆற்றுப் படிக்கட்டுக்கு இறங்கும் சின்னக் கதவுக்கு ஒரு பூட்டு விழுந்தது. ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது என்று காரணம் சொன்னார். பூட்டு வெள்ளத்துக்கா மருமகளுக்கா என்று அவர் விளக்கவில்லை. கதவைப் பூட்டி என்ன? பருவம் வந்ததும் தெருவிலுள்ள ஆண் நாய்கள் சுவரேறிக் குதித்து ரகளை செய்துவிட்டுத்தான் போயின.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வாய்மூடி நின்றவள் விஜயம். ஏனென்றால் ஜோத்ஸ்யர் சொன்ன அந்தக் கை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், மைதிலியைப் பெற்றெடுக்கத் திருநெல்வேலியில் பிறந்த வீட்டுக்குப் போனவள், ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தபோதே, இனி குழந்தை பிறக்காமல் கருக்குழாயையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அடுத்ததைத் தாங்க உடம்பில் தெம்பில்லை என்று டாக்டரம்மா சொன்னாள். இங்கேயோ மாமியார் இன்னொரு பேரனுக்கு அப்போதே பெயர் வைத்துக் காத்திருந்தாள். புருஷன் கையெழுத்து வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அண்ணா சேஷன்தான் போட்டான், ஸ்ரீகண்டன் என்று. இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

இன்றைக்கு அந்தத் தோஷம் போகச் சந்தான கோபால ஹோமம்.

*

காலை ஏழரை. கூடத்தில் ஹோமகுண்டம் மூட்டியாகிவிட்டது. நான்கு சாஸ்திரிகள். மணையில் ஸ்ரீநிவாஸும் ராஜஸ்ரீயும். புகை அடுக்களையைத் தாண்டிக் கொல்லைவரை வந்தது.

விஜயம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். அம்மிணி பழைய கொட்டிலின் மூலையில் சாக்கின்மேல் பக்கவாட்டில் படுத்திருந்தது. வயிறு உப்பியிருந்தது. அந்த வயிற்றைப் பார்த்து இந்தப் பத்து நாளாக ஸ்ரீகண்டனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"பாத்தியா விஜயம், தோஷம் எளக ஆரம்பிச்சாச்சு. மொதல்ல வாயில்லா ஜீவன், அப்பறம் நம்மாத்துக் கொழந்தை" என்று சொல்லி, நாயின் பெயரில் தினம் அரை லிட்டர் பால் கூடுதலாக வாங்கினார். ஒரு வெள்ளிக்கிழமை அதன் நெற்றியில் குங்குமம்கூட இட்டுவிட்டார். ஆறு வருஷத்தில் மருமகளிடம் இவ்வளவு பிரியமாக நாலு வார்த்தை பேசியிருந்தால் தேவலை.

ஆனால் விஜயம் இந்த நாய்க்கு மூன்று பிரசவம் பார்த்தவள். பிள்ளைத்தாய்ச்சி நாய் சாதத்தைக் கண்டால் பறக்கும். இதுவோ மூன்று நாளாகத் தண்ணீர்தான். வாளி வாளியாய்க் குடித்தது, குடித்ததை வாந்தியெடுத்தது. காம்புகள் தடிக்கவில்லை. வயிற்றில் கை வைத்தால் உள்ளே ஒரு அசைவும் இல்லை. கொதிக்கிற சூடு மட்டும் இருந்தது.

அவள் கை பட்டதும் அம்மிணி வாலை ஒரு தரம் தரையில் தட்டியது. மறுதரம் தட்ட முடியவில்லை.

"அம்மா."

திரும்பினாள். ஒன்பது கஜப் புடவையும் நெற்றி நிறையக் குங்குமமுமாக ராஜஸ்ரீ கிணற்றடி வாசலில் நின்றாள். கால் அலம்புகிறேன் என்று சொல்லி எழுந்து வந்திருக்கிறாள்.

"எழுந்திருந்தாளா?"

"இல்லைடி."

"நான் நேத்திக்கு டாக்டருக்கு வாட்ஸாப்புல போட்டோ அனுப்பினேன். இது கர்ப்பம் மாதிரி தோணலை, கர்ப்பப்பையில சீழா இருக்கும், காலம்பற முதல்ல கொண்டு வாங்கோன்னு பறஞ்சா. தாமசிச்சா உள்ளேயே பொட்டி, வெடிச்சுடும்னு." அவள் கொட்டில் பக்கம் பார்த்தாள். "எனக்குப் பேடியா, பயமா இருக்கும்மா. நான் எப்படிப் போவேன்? மணையிலேர்ந்து எழுந்தா ஹோமம் கெட்டுதுன்னு சொல்வா. எழுந்திருக்கலைன்னா இது செத்துப்போகும். செத்தா அதுவும் என்னாலதான்னு சொல்வா."

கூடத்திலிருந்து ஸ்ரீகண்டன் குரல் வந்தது. "ராஜி! கால் அலம்ப இத்தனை நேரமா?"

ராஜஸ்ரீ ஒரு நிமிஷம் மாமியார் முகத்தைப் பார்த்தாள். நீங்கள் கொண்டுபோங்கள் என்று கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லாத பெண். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பெண் தவிக்கிற தவிப்பில் முக்கால்வாசி தன்னால் வந்தது என்று விஜயத்துக்குத் தெரியும். அதோடு இன்னொன்றும் தோன்றியது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமான கதைசொல்லி இல்லை. இந்த நாய் இன்றைக்கே கண்ணை மூடிவிட்டால், கர்ப்பம் என்றும் தடை என்றும் ஒருவரும் இனி பேசமாட்டார்கள், தன் ரகசியம் தன்னோடு போகும் என்று தோன்றியது. தோன்றிய உடனே தன்மேலேயே அருவருப்பு வந்தது.

*

சாவி ஸ்ரீகண்டன் இடுப்பில். விஜயம் அவரை அடுக்களை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"ஏன்னா, கொல்லைக்கதவுச் சாவியைக் கொடுங்கோ."

"எதுக்கு?"

"அம்மிணிக்கு ரொம்ப முடியலை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

"கர்ப்பிணின்னா அசதி இருக்காதோ? ரெண்டு பெத்தவள் நீ, உனக்குச் சொல்லணுமா?"

"இது கர்ப்பம் இல்லைன்னா. உள்ளே சீழ் கட்டியிருக்கு."

அவர் சட்டென்று கூடத்துப் பக்கம் பார்த்தார். சாஸ்திரிகளின் காதில் விழவில்லை. குரலைத் தணித்தார்.

"இன்னிக்கு அந்த வார்த்தையை வாயால சொல்லாதே, கேட்டியா? எல்லாம் முடியட்டும். பன்னெண்டு மணிக்கு மேலே பாத்துக்கலாம்."

"பன்னெண்டு மணி வரை தாங்காது."

"கூடத்து வழியா நாயைத் தூக்கிண்டு போவியா? அக்னி எரிஞ்சுண்டிருக்கு. குறுக்கே ஒருத்தரும் போகப்படாது."

"அதுக்குத்தானே கொல்லைச் சாவி கேக்கறேன்."

அவர் அவளை ஒரு மாதிரி உற்றுப் பார்த்துவிட்டு, "நீ இதுல எல்லாம் தலையிடாதே விஜயம். உன் நல்லதுக்காக்கும் சொல்றேன்" என்றார். சாவிக்கொத்தை வேஷ்டிக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாகச் செருகிக்கொண்டு போனார்.

விஜயம் கொல்லையில் வந்து நின்றாள். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். முன்னால் அக்னி, பின்னால் பூட்டு. முப்பத்தெட்டு வருஷமாக இந்த வீட்டில் இதே இடத்தில்தான் நிற்கிறோம் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். ஆனால் உபயோகமான கோபம்.

மத்தியான வடைக்கு உளுந்து ஊறிக்கொண்டிருந்தது. அதைக் கிரைண்டரில் கொட்டி சுவிட்சைப் போட்டாள். கடகடவென்று வீடே அதிர்ந்தது. கூடத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாமி வடைக்கு அரைக்கிறாள், அவ்வளவுதானே.

செல்போனில் வேலாயுதனைக் கூப்பிட்டாள். பாலத்தடி ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன், பாறசாலைப் பக்கத்துக்காரன். "ஆத்துப் பாதையிலே பின்பக்கக் கதவுக்கு வா. சத்தம் போடாமே வா" என்றாள்.

அம்மிக்குழவியைத் தூக்கியபோது தோள்பட்டை சுளுக்கியது. பூட்டைப் பார்த்து அடித்தாள். மூன்றாவது அடியில் பூட்டு அப்படியே இருந்தது, துருப்பிடித்த நாதாங்கிதான் மரத்தோடு பிய்ந்து வந்தது. கதவு திறந்ததும் ஆற்றுக்காற்று முகத்தில் அடித்தது.

ஸ்ரீகண்டனின் பழைய வேஷ்டி ஒன்று கொடியில் கிடந்தது. அதில் அம்மிணியைச் சுற்றினாள். குளித்து மடியாகக் கட்டிய புடவை. இந்தப் புடவையோடு நாயின் நிழல்கூடப் படக்கூடாது என்று மருமகளுக்குப் பாடம் நடத்தியவள் அவள்தான். மார்போடு அணைத்துத் தூக்கினாள்.

வேலாயுதன் படியேறி வந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டான். அவன் பாஷையில் நாய் என்றால் பட்டி. "என்னாச்சு மாமி? பட்டிக்கு வயித்துல குட்டியில்லியா?"

"இல்லை. நீ வண்டியை எடு."

"கேறுங்க, கேறுங்க. பைய." அவன் நாயின் முகத்தைப் பார்த்தான். "இதுக்க குட்டிகளைத்தானே அண்ணைக்கு நான் வித்துரால கொண்டு விட்டேன்."

விஜயம் நாயை மடியில் கிடத்திக்கொண்டாள்.

"திரும்பி வரும்போ ரெண்டு குட்டி வண்டிக்குப் பொறத்தால ஓடி வந்துது மாமி. நான் நிறுத்தல. அதுக்குப் பொறவு அந்தப் பக்கம் சவாரி வந்தா போறதில்ல."

ஆட்டோ கிளம்பியது. பிறக்காமல் தடுப்பது மகாபாவம் என்று சொல்லும் அதே வீட்டிலிருந்துதான் பிறந்தவற்றைப் பெட்டியில் போட்டு அனுப்பினோம். அன்றைக்குப் பெட்டிக்கு மூச்சு விடத் துளை போட்டுக் கொடுத்தது தான்தான் என்பது விஜயத்துக்கு நினைவு வந்தது. கத்தரிக்கோலால் நாலு துளை. பெரிய தர்மம் செய்த மாதிரி அன்று நினைத்துக்கொண்டாள்.

*

டாக்டர் பிரிஸில்லாவின் ஆஸ்பத்திரி, தம்பானூரில் ஒரு லாட்ஜுக்குப் பின்னால். களியக்காவிளைக்காரி, நாற்பது வயதிருக்கும். நாயைப் பார்த்ததும் முதலில் அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள், பிறகு வயிற்றில் ஸ்கேன் வைத்தாள்.

"குட்டியொண்ணும் இல்லம்மா. பாருங்க, இந்தக் கறுப்பா தெரியதெல்லாம் சீழு. கர்ப்பப்பை வாய் மூடிக்கிட்டு. வெளிய வர வழியில்லாம உள்ளயே நெறஞ்சு கெடக்கு."

"மருந்து கொடுத்தா சரியாகாதா?"

"இந்த நிலைமையில மருந்தை நம்பி இருக்க முடியாதும்மா. கர்ப்பப்பையை எடுக்கணும், இப்பவே. பொட்டிச்சுதுன்னா அப்புறம் நான் ஒண்ணும் செய்யதுக்கில்ல." டாக்டர் மேசையிலிருந்த நோட்டைப் புரட்டினாள். "ரெண்டு மாசம் முன்ன ராஜஸ்ரீ இதுக்கு நாள் கேட்டிருந்தாங்க. பொறவு வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஏன்?"

விஜயம் வாயைத் திறந்தாள். சோழியைப் பற்றி அந்த மேசையின் முன்னால் எப்படிச் சொல்வது?

"வீட்டிலே சம்மதிக்கலை" என்றாள்.

டாக்டர் கோபப்படவில்லை. தினம் கேட்கிற பதில்தான் போலிருக்கிறது. கையுறையை மாட்டிக்கொண்டே பேசினாள். "அண்ணைக்கு வந்திருந்தா ஆரோக்கியமான நாயி. கொஞ்ச நேர வேலை, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டு போயிருக்கலாம். கர்ப்பப்பை இல்லேண்ணா இந்த சூக்கேடு, இந்த நோயே வராது. மார்ல கட்டி வரதும் கொறயும். பருவத்துக்கு ஆண் பட்டிங்க சுவரேறி வராது. குட்டிகளைப் பெட்டியில போட்டு எங்கயாவது கொண்டு விடவும் வேண்டாம். இப்ப செய்யது அதே ஆபரேஷன்தான், ஆனா உயிரைப் பந்தயம் வச்சுச் செய்யணும்."

பெட்டி என்ற சொல் வந்ததும் விஜயம் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. பொதுவாகத்தான் சொன்னாள்.

"பாவம்னு சொல்றாளே டாக்டர்? ஒரு ஜீவனோட வம்சத்தை அறுக்கறது?"

"அம்மா, நானும் தினம் ஜெபம் பண்றவதான். ஆறேழு குட்டி பொறந்து அஞ்சு ரோட்டுல அடிபட்டுச் சாகுது பாருங்க, அதுக்கு யாராவது பரிகாரம் செய்யாங்களா?" ஒரு தாளை நீட்டினாள். "இதுல ஒப்பிடணும், கையெழுத்து. வீட்டுல சார்கிட்ட கேட்டுட்டுப் போடியளா?"

மலையாளத்தில் அச்சடித்த தாள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு இந்தப் பிராணி குட்டி போடாது என்று எனக்குத் தெரியும், முழுச் சம்மதத்தோடு கையெழுத்திடுகிறேன் என்று நடுவில் ஒரு வரி. விஜயம் அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். அன்றைக்குத் திருநெல்வேலியில் இதே மாதிரி ஒரு வரிக்குக் கீழே, தன் உடம்புக்காக, அங்கே இல்லாத புருஷன் பெயரில் அண்ணன் கையெழுத்துப் போட்டான். தன்னை ஒருவரும் போடச் சொல்லவில்லை.

"வேண்டாம்" என்றாள். "நான்தான் உடமஸ்தை."

விஜயம் ஸ்ரீகண்டன் என்று எழுதப் போனவள், விஜயம் என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

*

முக்கால் மணி நேரம் ஆயிற்று. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. பெஞ்சில் ஒரு பூனைக்கூடையும் ஒரு கல்லூரிப் பெண்ணும். வேலாயுதன் வண்டியை எடுத்துக்கொண்டு போகாமல் வாசலிலேயே நின்றான்.

செல்போன் அடித்தது. ஸ்ரீகண்டன்.

"விஜயம்! எங்கே இருக்கே? பூர்ணாஹுதிக்கு நாம ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கணும். கிரைண்டர் பாட்டுக்கு ஓடிண்டிருக்கு, ஆளைக் காணும்!"

பின்னால் மணியோசை, சாஸ்திரிகளின் குரல், விறகு வெடிக்கும் சத்தம். வழக்கம்போல ஸ்பீக்கரில்தான் போட்டிருக்கிறார். தான் சொல்வது கூடம் முழுக்கக் கேட்கும் என்று விஜயத்துக்குத் தெரியும்.

"தம்பானூர்ல இருக்கேன். அம்மிணிக்கு ஆபரேஷன் நடக்கறது."

"என்ன ஆபரேஷன்?"

"கர்ப்பப்பையை எடுக்கறா. இல்லைன்னா செத்துப்போகும்."

வெடித்தார் ஸ்ரீகண்டன். ஆனால் அவளைப் பார்த்து இல்லை. போனுக்கு அப்பால் திரும்பி, "கேட்டியாடி ராஜி? நீ நெனச்சதைச் சாதிச்சுட்டே! அக்னி எரியறச்சேயே சாதிச்சுட்டே! ஜோத்ஸ்யர் கையில வச்சாப்போல சொன்னாரே, இந்த வீட்டுப் பெண்ணோட கைன்னு..."

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்கோ!"

பெஞ்சிலிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். விஜயம் இத்தனை உரக்க இதற்குமுன் பேசியது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை.

"ராஜிக்கு ஒண்ணும் தெரியாது. பூட்டை ஒடச்சது நான். ஒப்பிட்டது நான். அந்தக் கையும் ராஜியோடது இல்லை, என்னோடதாக்கும். மைதிலி பொறந்தப்பவே இனிமே வேண்டாம்னு ஆபரேஷன் பண்ணிண்டு வந்தேன். உங்ககிட்ட சொல்லலை. உங்க அம்மாகிட்டயும் சொல்லலை. தோஷம்னு ஒண்ணு இருந்தா அது என்னைச் சேர்ந்தது. அந்தப் பெண்ணை விட்டுடுங்கோ."

சொல்லிவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் மந்திரம் நின்றிருந்தது. யாரோ இருமினார்கள். பிறகு கூடத்துச் சத்தமெல்லாம் திடீரென்று அடங்கி, ஸ்ரீகண்டனின் மூச்சு மட்டும் காதருகே கேட்டது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ரேழிக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அவர் ரகசியமாகப் பேசி விஜயம் கேட்டதில்லை.

"ஏன் இப்படி எல்லார் முன்னாலயும் சொன்னே?" என்றார். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"சேஷன் அன்னிக்கு எஸ்.டி.டி. பூத்திலேர்ந்து என் ஆபீசுக்குப் போன் பண்ணினான். ஒங்க பேர்ல கையெழுத்துப் போடலாமா அத்திம்பேர்னு கேட்டான். போடுன்னு நான்தான் சொன்னேன். இன்னொண்ணு வந்தா நீ பொழைக்கமாட்டேன்னு டாக்டர் சொன்னாளாம். அம்மாவுக்குத் தெரியப்படாதுன்னு நானும் வாயைத் திறக்கலை."

முப்பத்தோரு வருஷம். இன்னொன்று தங்கவில்லையே என்று மாமியாரோடு சேர்ந்து அலுத்துக்கொண்டது, மாமியார் சாகும்வரை அரசமரம் சுற்றியது, சேஷன் வந்தால் அவன் வாய் தவறிவிடுமோ என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"நீயும் சொல்லலையே."

அது சரிதான். ஆனால் இன்னொரு கேள்வி இருந்தது. அது மெள்ள மேலே வந்தது.

"அப்போ ஜோத்ஸ்யர் சொன்ன அன்னிக்கு, எல்லாருக்கும் முன்னாடி நீங்கதான் ராஜியைத் திரும்பிப் பாத்தேள். தெரிஞ்சுண்டேதான் பாத்தேளா?"

அந்தப் பக்கம் ரேழிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"யாரையாவது பாத்தாகணுமே விஜயம்" என்றார். "உன்னைப் பாக்க முடியுமா?"

தன்னைக் காப்பாற்றத்தான் செய்திருக்கிறார். அதுதான் விஜயத்தால் தாங்க முடியவில்லை. புருஷன் தன்மேல் வைத்திருந்த பிரியத்தை, இந்த இரண்டு மாதமாக வேறு வீட்டிலிருந்து வந்த ஒரு பெண் தலைகுனிந்து சுமந்திருக்கிறாள். போனை அவள்தான் வைத்தாள்.

சிவப்பு விளக்கு அணைந்தது. டாக்டர் பிரிஸில்லா முகமூடியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள்.

"எடுத்தாச்சும்மா. பொட்டதுக்கு முன்னயே எடுத்தாச்சு. இன்னும் ரெண்டு நாள் கழிஞ்சாதான் உறுதியா சொல்ல முடியும், இங்கதான் கெடக்கணும். ஆனா நல்ல நெஞ்சுரம் உள்ள பட்டி."

விஜயம் கைகூப்பினாள். அப்போதுதான் அழுகை வந்தது. வேலாயுதன் பார்க்காதது போல ரோட்டைப் பார்த்துக்கொண்டான்.

மறுபடி போன் அடித்தது. ஸ்ரீகண்டனாக இருந்தால் எடுக்கக்கூடாது என்று பார்த்தாள். ராஜஸ்ரீ.

பின்னணியில் மந்திரம் இல்லை. பஸ் ஹாரன் கேட்டது.

"அம்மா, அம்மிணி?"

"பொழைச்சுட்டாடி. பொழைச்சுடுவா. நீ எங்கேர்ந்து பேசறே?"

"பாலத்துலேர்ந்து. நான் எழுந்துட்டேன்மா. நீங்க பேசினது அத்தனையும் கேட்டுது. மணையிலேர்ந்து எழுந்து, கொல்லை வழியா, நீங்க ஒடச்ச கதவு வழியா வந்துட்டேன். ஒன்பது கஜத்தோட நிக்கறேன், எல்லாரும் பாக்கறா. பஸ் வந்தா அங்கே வரேன்."

விஜயத்துக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

"ஸ்ரீநி உன்கூட வரலையா?"

பஸ் வந்து நிற்கும் சத்தமும் கண்டக்டரின் விசிலும் கேட்டன.

"கூப்பிட்டேன்மா" என்றாள் ராஜஸ்ரீ. "அவர் இன்னும் மணையிலேயேதான் உக்காந்திருக்கார்."